அத்தை எழுந்திருக்கவில்லை

உறவுக்காரர்கள் கூடினால் அத்தையின் அடாவடிக் கதைகள் கிளம்பிவிடும். அவற்றில் ஆஸ்பத்திரிக் கதைக்குத்தான் சிரிப்பு அதிகம். நான் மட்டும் சிரிப்பதில்லை. அந்தக் கதையில் காய்ச்சலோடு நின்ற பிள்ளை நான்தான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் நடவு வயலில் இருந்ததால், அப்பாவின் அக்காதான் என்னைத் திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அத்தை எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

சிவப்பும் கறுப்புமான கேப்சூல்மீது அத்தைக்கு அசாத்திய நம்பிக்கை. காலில் கல் குத்தினால்கூட அதைப் பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவிவிடுவாள். அதை எழுதிக் கொடுக்காதவர் அவள் கணக்கில் டாக்டரே இல்லை.

வெளிநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா என் தொண்டையைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் மாத்திரை எழுதி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

"உப்புத் தண்ணி எங்க வீட்லயே இருக்குங்க. கேப்சூல் எழுதுங்க."

"இது வைரஸ் காய்ச்சல்மா. அந்த மருந்து இதுக்கு ஒண்ணும் பண்ணாது. தேவையில்லாம குடுத்துப் பழக்குனா, நாளைக்கு நெசமாவே வேணுங்கிறப்ப கேக்காமப் போயிரும்."

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்போம். இன்னைக்கு எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"அப்ப நானும் எந்திரிக்க மாட்டேன்."

சொன்னபடியே உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் அதட்டினார், அத்தை அசையவில்லை. வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "ஒரு மாத்திரைதானே, எழுதிக் குடுத்து அனுப்புங்களேன்" என்று அத்தைக்காகப் பரிந்து பேசினார். "நீங்க யாரு நடுவுல?" என்று அத்தை அவர்மேலும் பாய்ந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. தரை பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் தேவலை என்று நின்றேன்.

டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து, என்னை ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடி தொண்டைக்குள் டார்ச் அடித்தார். தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். பிறகு அத்தையிடம், "மூச்சு வாங்குனா, சாப்பிடாம சுருண்டு படுத்தா உடனே தூக்கிட்டு வாங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழமை காட்டுங்க, நான் இருப்பேன். வரிசையில நிக்க வேண்டாம், நேரா உள்ள வாங்க" என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

எழுந்தாளே தவிர, தோற்றுப்போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கலில் ஏறி, காய்ச்சல், தொண்டை வலி என்றாள். கடைக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அட்டையிலிருந்து நாலு கேப்சூலைக் கத்தரித்துக் கண்ணாடிமேல் வைத்தார். சிவப்பும் கறுப்பும். எனக்கு நிம்மதியாக இருந்தது, சண்டை முடிந்தது என்று நினைத்தேன்.

"யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள் அத்தை.

"எல்லாருக்கும் இதாம்மா."

"புள்ள இங்கதான் நிக்கிது. தலயத் தூக்கி ஒரு பார்வ பாக்கக் கூடாதா?"

கடைக்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். அதற்குள் அத்தை கேப்சூல்களை அவர் பக்கமே தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஊர் வரும்வரை அவள் உள்ளங்கை என் நெற்றியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. நான் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தேன். அப்படியும் அத்தை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து, மறுபடி பஸ் ஏற்றி, வரிசையைத் தாண்டி நேராக உள்ளே கூட்டிப்போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினாள். "பாருங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பார்த்தார். உடம்பு சரியான பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்கு இழுக்க வேண்டும் என்று அம்மா முதல் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அதே எரிச்சல்தான்.

டாக்டரம்மா கேப்சூல் எழுதாதது சரிதான். எழுந்திருக்க மாட்டேன் என்று அத்தை உட்கார்ந்ததும் சரிதான். யார் எவ்வளவு சிரித்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் பிறப்பதற்கு முன்பு அத்தைக்கு ஒரு மகன் இருந்தான் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில், காய்ச்சல் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கிருந்த டாக்டர் தலை நிமிராமலே சீட்டு எழுதி, சாதாரணக் காய்ச்சல்தான், எழுந்திருங்கள் என்றிருக்கிறார்.

அத்தை எழுந்துவிட்டாள்.