இல்லை என்று சொல்லத் தெரியாத கூட்டாளி

1. பரந்தன் தாண்டிய மெசின்

தர்மபுரத்தில் பத்மாக்காவின் வயல் வரம்பில் நின்றுகொண்டு யோகனுக்குப் போன் எடுத்தேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலையிலேயே வந்திருக்க வேண்டிய எங்கள் நெல் வெட்டும் மெசின் இன்னும் வரவில்லை.

“பரந்தன் தாண்டிட்டன் அண்ணை. இந்தா, வந்திட்டன்.”

அவன் குரலுக்குப் பின்னால் மெசின் இரைந்துகொண்டிருந்தது. லொறியில் ஏற்றிய மெசின் இரையாது. பரந்தனுக்கு இன்னும் அங்கால், முதல் நாள் வேலை நடந்த பூநகரியில் யாரோ ஒருவருடைய வயலுக்குள் நின்றுகொண்டுதான் அவன் பரந்தன் தாண்டியிருந்தான்.

மெசினை நானும் யோகனும் கூட்டாக வாங்கினோம். ஓட்டுவதும் திருத்துவதும் அவன் வேலை. வயல்களைப் பேசி, எந்த வயலுக்கு எந்த நாள் என்று ஒழுங்கு செய்வது என் வேலை. ஓட்டத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. காற்றுக்குச் சாய்ந்து கிடக்கும் நெல்லைக்கூடச் சிந்தாமல் வெட்டுவான். ஆனால் யார் என்ன கேட்டாலும் ‘ஓம்’ என்பான். நான் ஒழுங்கு செய்த நாள்களுக்குள் அவனுடைய ‘ஓம்’கள் புகுந்து இருந்துவிடும்.

பத்மாக்காவின் வயல் விதை நெல் வயல். அந்தப் போகம்தான் முதன்முறையாக விவசாயத் திணைக்களத்தில் விதைக்கென்று பதிந்திருந்தார். பிற இனக் கதிர் ஒன்று தலை நீட்டினாலும் இறங்கிப் பிடுங்கி எறிவார். இந்த முறை தேறினால்தான் அடுத்த முறையும் விதை வயலாக ஏற்றுக்கொள்வார்கள். அயலில் பல வீட்டுக்காரர் அவருடைய விதைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

விதை நெல்லுக்கு இரண்டு கட்டாயம். ஒன்று, மழைக்கு முன் வெட்ட வேண்டும். நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மற்றது, மெசின் துப்புரவாக இருக்க வேண்டும். முந்திய வயலின் நெல், மெசினில் நெல் சேரும் டாங்கியிலும் சல்லடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கலந்தால் அரிசிக்குத்தான் ஆகும், விதைக்கு ஆகாது. இந்த இரண்டையும் முதல் நாளே யோகனுக்குச் சொல்லியிருந்தேன். ‘ஓம்’ என்றான்.

“எங்க நிக்குதாம் தம்பி?” என்று பத்மாக்கா கேட்டார்.

“பரந்தன் தாண்டிட்டன் எண்டு சொல்லுறான். எனக்கெண்டால் பூநகரியில போலத்தான் கிடக்கு அக்கா.”

அவர் வானத்தைப் பார்த்தார். “விசுவமடு மெசின்காரர் நேற்று வீட்டை வந்து கேட்டவர், மெசினைக் கொண்டு வரட்டோ எண்டு. உங்கட ஆள் ஓம் எண்டிட்டார் எண்டு நான்தான் திருப்பி விட்டனான்.”

பத்மாக்கா அந்த ஆளுக்கே போன் எடுத்தார். அவரோ அதற்குள் தன் மெசினை வேறு வயலில் இறக்கிவிட்டிருந்தார்.

2. சிவப்பு நெல்

மத்தியானம் திரும்பிய பிறகு லொறி வந்தது. யோகன் சிரித்துக்கொண்டு குதித்தான்.

“பாத்தீங்களே அக்கா, மழைக்கு முந்தி வந்திட்டன்!”

பத்மாக்கா மெசினில் ஏறி டாங்கிக்குள் கையை விட்டார். கை நிறைய நெல் வந்தது. நகத்தால் ஒன்றை உரித்தார். சிவப்பு அரிசி. பூநகரிப் பக்கத்து மொட்டைக்கறுப்பன் நெல். அவருடைய வயலில் நின்றது வெள்ளைச் சம்பா.

“இதென்ன யோகன்?”

“அது என்ர சித்தப்பான்ர ஒரு சின்ன வயல் துண்டு அக்கா. றோட்டில மறிச்சுக் கேட்டவர். முகத்துக்கு நேர எப்பிடி இல்லையெண்டுறது?”

“என்ர முகம் உனக்கு முகமாத் தெரியேல்லையோ? என்னட்டயும் ஓம் எண்டுதானே சொன்னனீ?”

“ஓம் அக்கா.”

“பார், இதுக்கும் ஓம்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோகன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டான்.

“அண்ணை, முதல் வாற நெல்லுப் பையளை ஒதுக்கிப் போட்டால் மிச்சம் சரிதானே? மழை வருது.”

“சரியெண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமோ?”

தலையைச் சொறிந்தான். பத்மாக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

“துப்புரவாக்கிப் போட்டு இறக்கு. இல்லாட்டித் திருப்பி ஏத்திக்கொண்டு போ.”

மூடிகளைக் கழற்றினோம். சல்லடைகளை வெளியே எடுத்துத் தட்டி, காற்றடித்து, மூலைகளில் இருந்ததை விரலால் தோண்டி எடுத்தோம். யோகன் சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மெசினுக்குக் கீழே படுத்து வேலை செய்தான். உழைப்புக்கு அவன் என்றும் பின்னின்றதில்லை. அதனால்தான் அவனோடு கோபிப்பதும் கடினமாக இருந்தது.

வெட்டத் தொடங்கிப் பாதி வயல் முடிந்தபோது மழை விழுந்தது. வெட்டிய நெல்லை மழை படாமல் படங்கு விரித்து மூடினோம். மெசின் புதையத் தொடங்கியதால் வெளியே எடுத்தோம். மிச்சப் பாதி எங்கள் கண் முன்னாலேயே நனைந்து சாய்ந்தது.

3. வந்ததும் வராததும்

வெட்டிய பாதி விதைக்குத் தேறியது. மற்றப் பாதி பிறகு வெட்டப்பட்டு, அரிசியாக்க மில்லுக்குப் போனது. சொல்லி வைத்திருந்த வீடுகளில் பாதிப்பேருக்குப் பத்மாக்கா கையை விரிக்க வேண்டி வந்தது. மழை விட்டபின் நாங்கள் இருவரும் போய் அவர் முற்றத்தில் நின்றோம்.

“என்னெண்டாலும் நாங்கள் வந்தனாங்கள்தானே அக்கா” என்றான் யோகன்.

“வந்தனீங்கள். வரமாட்டம் எண்டு முதல் நாளே சொல்லியிருந்தால், முழு வயலும் வெட்டுப்பட்டிருக்கும்.”

இவ்வளவு காலத் தொழிலில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாங்கள் பிந்தியது ஒரு நட்டம். எங்கள் ‘ஓம்’ இன்னொருவருடைய மெசினை வாசலோடு திருப்பி அனுப்பியதுதான் பெரிய நட்டம்.

இனி யார் கேட்டாலும் ‘அண்ணையைக் கேளுங்கோ’ என்று மட்டும் சொல் என்று யோகனிடம் சொன்னேன். ‘ஓம்’ என்றான். அடுத்த கிழமையே கனகராயன்குளத்திலிருந்து ஒருவர் எனக்குப் போன் எடுத்து, மெசின் எங்கே நிற்கிறது என்று கேட்டார். அந்த ஆளை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை; யோகன் அவருக்கும் ‘ஓம்’ சொல்லியிருந்தான். அந்தப் போகத்தோடு கூட்டைப் பிரித்துக்கொண்டோம். மெசினை நான் வைத்துக்கொண்டேன். புதிதாகக் கூட்டுச் சேர்பவர்கள் ஆளின் கைத்திறமையைப் பார்ப்பார்கள், அது சரிதான். முகத்துக்கு நேரே ஒருவருக்கு ‘ஏலாது’ என்று சொல்லக்கூடிய ஆளா என்பதையும் பாருங்கள்.

அடுத்த போகம் பத்மாக்கா எனக்குப் போன் எடுத்து ஒரு நாளைக் கேட்டார். அன்று மெசின் வேறு வயலுக்கு ஒழுங்காகியிருந்தது. சொல்ல வாய் கூசியது.

“அண்டைக்கு ஏலாது அக்கா.”



“சரி தம்பி. அப்ப விசுவமடுக்காரரைக் கேக்கிறன்” என்றவர், போனை வைக்கவில்லை. “பிந்தி விளையிற துண்டு ஒண்டும் கிடக்கு. அதுக்கு எப்ப ஏலும்?”

யோசித்துத்தான் நாள் சொன்னேன்.