கவிழ்த்து வைத்த குவளை

கஞ்சிக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நண்பரே, இன்று காலை நான் இவ்வுலகிடம் கேட்டது. காட்டுப்பாக்கத்தில், என் பெயரில் வரி கட்டும் வீட்டின் அடுக்களையில், வழவழவென்று மின்னும் சாம்பல்நிறப் பலகைகளின் முன் நெடுநேரம் நின்றேன். எந்தப் பலகைக்கும் கைப்பிடி இல்லை. கைப்பிடி இல்லாமையே இக்கால அழகாம். தட்டினால் திறக்கும் என்றார்கள், தட்டினேன். வெளிப்பட்டது உப்பு அன்று, குப்பைக்கூடை. மற்றொன்றைத் தட்டினேன், கம்பித்தட்டுகள் அடுக்கிய நெடிய பூதம் ஒன்று என்னை நோக்கி உருண்டு வந்தது. மருமகள் நித்யா ஓடிவந்து, “உப்பு கார்னர் யூனிட்ல இருக்கு மாமா” என்று ஒரு மூலையைத் தொட்டாள். அம்மூலை சுழன்று உப்பை ஈந்தது. அதற்குள் கஞ்சி ஆறிப்போயிற்று.

இதற்கு மாடுலர் கிச்சன் என்று பெயர். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவன் என்னும் செருக்கில், இதற்கு ஒரு நல்ல சொல் காண்பது என் கடமை என்று கருதி ஒரு பகல் முழுதும் முயன்று ‘கூறடுக்களை’ என்று ஆக்கினேன். வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைக்கவில்லை. இப்போது நானும் வற்புறுத்துவதில்லை.

புதுப்பலகைகளை ஒட்டிய பசையின் நெடி இன்னும் அகலவில்லை. நெடி என்றாலே எனக்கு மண்ணெண்ணெய்தான் நினைவுக்கு வரும். மண்ணெண்ணெய் என்றால் ஆவடி. என் தந்தையார் அங்கே படைத்துறைத் தொழிற்சாலையில் பணியாற்றினார். தொழிற்சாலைக் குடியிருப்பில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. நெல்லைக்காரர், கோவைக்காரர், தஞ்சைக்காரர் எல்லாரும் ஒரே அளவுள்ள சுவர்களுக்குள் தத்தம் ஊர்க் குழம்பைக் கொதிக்கவைத்தார்கள். இன்றைய வடிவமைப்பாளர்கள் அடுப்பும் நீர்த்தொட்டியும் குளிர்பெட்டியும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும் என்று பாடம் எடுக்கிறார்கள். என் அம்மாவின் அடுக்களையில் முக்கோணத்துக்கு இடமில்லை. அது ஒரு புள்ளி. அம்மா இப்பக்கம் திரும்பினால் அடுப்பு, அப்பக்கம் திரும்பினால் பாத்திரம் துலக்கும் அங்கணம், நிமிர்ந்தால் சாளரம்.

அந்தச் சாளரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒரு வரிசையின் பின்புறமும் அடுத்த வரிசையின் பின்புறமும் ஓர் ஒடுங்கிய சந்தைப் பார்த்தபடி இருந்தமையால், எங்கள் அடுக்களைச் சாளரத்துக்கு நேர் எதிரே அன்னத்தாய் அத்தையின் அடுக்களைச் சாளரம். அத்தை நெல்லைப் பக்கத்தவர். அவருடைய இயல்பான குரலே சந்தின் மறுகோடி வரை எட்டும். இரவுப்பணி முடித்து விடியலில் திரும்பும் ஆடவர் பகலில் உறங்க வேண்டும் அல்லவா? சுவர்களோ மெல்லியவை. ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எவர் தொடங்கிவைத்தார் என்று தெரியாது. அப்பா உறங்கப் போனதும் அம்மா ஒரு குவளையைச் சாளரத்தின் அடிக்கட்டையில் கவிழ்த்து வைப்பார். ‘இவ்வீட்டில் உழைத்து வந்தவர் உறங்குகிறார்’ என்பது அதன் பொருள். அத்தை பாதியில் நிற்கும் சொல்லை அப்படியே விழுங்கிவிடுவார். பிறகு கையாலும் கண்ணாலும் ஊர்க்கதை முழுவதும் நடக்கும். அப்பா எழுந்ததும் குவளை நிமிரும்; சந்தும் வாய் திறக்கும்.

அவ்வேளைகளில் அம்மா பாத்திரங்களை ஈரத்துணியின் மேல் வைத்து எடுப்பார். ஒரு கரண்டியின் ஓசை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வெளியாரும் இதை அறிந்திருந்தனர். மீன் விற்க வருபவர் சந்தின் முனையில் கூடையோடு நின்று, சாளரங்களை ஒருமுறை பார்த்துவிட்டே வாய் திறப்பார். குவளை கவிழ்ந்திருந்தால் கூவமாட்டார், பின்கதவருகே விளையாடும் என்னிடம் குனிந்து, “நைனா, தம்ளர் கவுந்துகீது. அம்மாவ மெள்ள கூப்டு. நல்ல சங்கரா கீது” என்பார். மீனின் பெருமையைக்கூட அவர் காதோடுதான் பேசுவார்.

ஒருமுறை என் தங்கை தேர்வுக்குப் படிக்க அமைதி வேண்டுமென்று, அப்பா பகற்பணிக்குப் போயிருந்த நாளில் குவளையைக் கவிழ்த்துவிட்டாள். சந்து முழுவதும் அடங்கிற்று. கடைக்குப் போய்த் திரும்பிய அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்று நேரத்தில் அன்னத்தாய் அத்தை அடிமேல் அடிவைத்து வந்து, ஒரு கிண்ணத்தில் மிளகுச்சாறுடன் நின்றார். “ஏட்டி, ஒங்கப்பாவுக்குக் காய்ச்சலா? இந்த வாரம் பகல் ஷிப்டுல்லா?” என்று தங்கையிடம் கிசுகிசுத்தார். அந்த மிளகுச்சாற்றை யார் குடிப்பது என்று தெரியாமல் நானே குடித்தேன். கண்ணில் நீர் வந்தது. நெல்லைக் காரம்.

என் துணைவி மரகதம் திருமணமாகி வந்தது அந்தக் குடியிருப்புக்குத்தான். அம்மாவிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது நகைகளை அன்று, இந்த வழக்கத்தை. பின்னர்க் காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டியபோது, அடுத்த வீட்டு அடுக்களைச் சாளரத்துக்கு நேரே தன் சாளரம் வரவேண்டும் என்று கொத்தனாரிடம் நின்று சொல்லி வைத்தாள். அடுத்த வீட்டில் பிலோமினா. பூந்தமல்லி மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காலத்தில் இரவுப்பணி முடித்து வந்து உறங்கும் நாள்களில், மரகதம் கற்பித்தபடி, அவர் வீட்டுக் குவளை கவிழ்ந்திருக்கும். என் மகன் செழியன் கணினி நிறுவனத்தில் சேர்ந்து, கடல் கடந்த ஊர்களின் பகலுக்காகத் தன் இரவுகளைக் கொடுக்கத் தொடங்கியபின், எங்கள் பக்கமும் குவளை கவிழ்ந்தது. பிலோமினாவின் கணவர் அந்தோணி மாடியில் எதையாவது ஆணியடிக்க வேண்டுமென்றாலும், எங்கள் சாளரத்தைப் பார்த்தபிறகே சுத்தியலை எடுப்பார். செழியனின் உறக்கம் இவ்வாறு காக்கப்பட்டது என்பது செழியனுக்குத் தெரியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

அந்தச் செழியன்தான் அடுக்களையை மாற்ற விரும்பினான். வடிவமைப்பாளர் இளைஞர் ஒருவர் தட்டைக்கணினியில் படம் காட்டினார். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவர் போய்விடும், ‘ஓப்பன் கிச்சன்’. அடுப்பின்மேல் சிம்னி. சாளரம் இருந்த இடத்தில் கூரைமுட்டும் அலமாரி. அதற்குப் பெயர் ‘டால் யூனிட்’. நான் சாளரத்தைக் காட்டினேன். “அதான் சிம்னி வருதே அங்கிள், புகையெல்லாம் போயிடும். அப்புறம் விண்டோ எதுக்கு?” என்றார். சிம்னி பிலோமினாவோடு பேசுமா என்று கேட்டேன். அவர் அதை நகைச்சுவை என்று கொண்டு, மரியாதைக்குச் சிரித்தார்.

இத்தனை படங்களிலும் சமைக்கிறவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று எனக்குச் சினம் மூண்டது. மரகதத்தை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“அவங்க இஷ்டம், எப்படி வேணா கட்டிக்கட்டும். அந்த ஜன்னல மட்டும் விட்டுடச் சொல்லுங்க.”

செழியன் உடனே இசைந்தான். “சரிம்மா. ஜன்னல எடுக்க மாட்டோம், போதுமா?” என்றான். வடிவமைப்பாளரும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

தூசுக்கு அஞ்சி, வேலை முடியும்வரை அம்பத்தூரில் மகள் வீட்டில் தங்கினோம். திரும்பி வந்த நாளில் அடுக்களை விளம்பரப் படம்போல ஒளிவீசிற்று. சாளரம் இருந்த இடத்தில் அந்த நெடிய அலமாரி நின்றது. பக்கத்து ஊரான நூம்பலைச் சேர்ந்த பொருத்துநர் ஒருவர் கதவுகளின் இறுதித் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். சாளரம் எங்கே என்றேன்.

“ஜன்னல் எங்கியும் போவல சார். பின்னால அப்டியே பத்திரமா கீது. ஒரு செங்கல்லுலகூட கை வெக்கல நாங்க.”

மகனிடம் கேட்டேன். “சொன்ன மாதிரி எடுக்கலயேப்பா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை. இலக்கணப் பிழையற்ற ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதரை இவ்வளவு முழுமையாக ஏமாற்றமுடியும் என்பதை எழுபது வயது கடந்து கற்றேன். அலமாரியைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாகாதா என்றால், மேடைக்கல்லை அதற்கேற்ப வெட்டிவிட்டார்களாம். மின்னிணைப்பையும் அதற்கேற்பவே கொடுத்துவிட்டார்களாம். தொட்டால் மொத்தமும் கழற்ற வேண்டுமாம். ஒன்றை மாற்ற முடியாதபடி கட்டுவதற்கு எதற்காகக் கூறுகூறாகச் செய்தார்கள் என்று வடிவமைப்பாளரைக் கைப்பேசியில் அழைத்து வினவினேன்.

மரகதம் கரண்டிகள் இருந்த இழுப்பறையை இழுத்து, தன் வலிமை முழுவதும் கூட்டி அறைந்தாள். பழைய அடுக்களையாக இருந்திருந்தால் அவ்வோசைக்கு நாங்கள் மூவரும் நடுங்கியிருப்போம். இதுவோ பாதி வழியில் வேகம் தணிந்து, ஒரு பெருமூச்சுப்போல மெல்லச் சென்று பொருந்திக்கொண்டது. ‘சாஃப்ட் க்ளோஸ்’ என்று பொருத்துநர் பெருமையோடு விளக்கினார். அந்நாளில் மெல்லச் சாத்தியது என் அம்மாவின் கை. பிறர் உறக்கத்தை எண்ணிச் சாத்திற்று. இன்று ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டில் சினந்து சாத்தும் உரிமையும் இல்லை.

சுவர் போனதில் இன்னொரு பயன் விளைந்தது. அம்மியை விரட்டிய பொறி, அதுதான் மிக்சி, சுழலத் தொடங்கினால் செழியனின் படுக்கையறை அதிர்கிறது. அவன் இப்போது ஓசையடக்கும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, விண்வெளி வீரனைப்போல உறங்குகிறான்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்தோணிக்கு நெஞ்சடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தார். மறுநாள்தான் வீடு திரும்புவார் என்று கேள்விப்பட்டிருந்தோம். நண்பகலில் மரகதம், செய்தி கேட்பதற்காகப் பிலோமினாவின் கைப்பேசிக்கு அழைத்தாள். அந்தோணிக்குக் காது சற்று மந்தம் என்பதால் அவ்வீட்டில் மணி உரக்க ஒலிக்கும்படி வைத்திருப்பார்கள். அது எங்கள் கூடத்துக்கே கேட்டது. பிலோமினா எடுத்தார். குரலில் சினம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“அவர முன்னாடியே அனுப்பிட்டாங்க மரகதம். ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல, இப்பத்தான் கண்ணசந்தாரு. தம்ளர கவுத்துத்தானே வெச்சிருந்தேன்?”

“பரவால்ல விடு, மறுபடி தூங்க வெச்சுப் பாக்கறேன்” என்று அவரே அழைப்பை முடித்தார். மரகதம் நெடிய அலமாரியைத் திறந்தாள். பருப்புப் புட்டிகளை ஒதுக்கிவிட்டு, பின்பலகையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள சந்தில் போய்ப் பார்த்தேன். பொருத்துநர் சொன்னது உண்மை. எங்கள் சாளரம் பத்திரமாகவே இருக்கிறது. அதே கம்பிகள், அதே கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பலகை. அதில் பென்சிலால் ஓர் அம்புக்குறி, மேற்பக்கம் எது என்று காட்ட. எதிர்ச் சாளரத்தின் கட்டையில், அந்தப் பலகையைப் பார்த்தபடி, பிலோமினாவின் எவர்சில்வர் குவளை கவிழ்ந்திருந்தது.

அப்போது தெருமுனையில் காய்வண்டி திரும்பிற்று. ஒலிபெருக்கியில் பதிந்த குரல், தக்காளி, வெங்காயம், முருங்கை என்று ஓயாமல் அலறிக்கொண்டு வந்தது. வண்டிக்காரர் கைப்பேசியைப் பார்த்தபடி வந்தார், சாளரங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் தெருவுக்கு விரைந்தேன், அதாவது என் முழங்கால்கள் விரைவு என்று கருதும் அளவில். கூவினால், ஒருவேளை மறுபடி கண்ணயர்ந்திருக்கும் அந்தோணி விழித்துக்கொள்வார். ஆகவே வண்டிக்கு முன்னால் நின்று, வலக்கையைக் குவித்துக் கவிழ்த்துக் காட்டினேன். மீண்டும் ஒருமுறை காட்டினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், வோணாமா?” என்று கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியை நிறுத்தாமலே அந்தோணியின் வீட்டைக் கடந்து போனார்.