ஊறப் போட்ட வெள்ளைக் கோட்டு

ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்க உட்காருவதைப்போல அலுப்பான வேலை வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது நானும் ஷிப்டுக்குப் போகிறவள் என்பதால் இதைக் கொஞ்சம் அதிகாரத்தோடே சொல்கிறேன். சின்ன வயதில் இதெல்லாம் தெரியாது. துணி அழுக்காகும், அம்மா துவைப்பாள், கொடியில் காயும். பொழுது விடிவதைப்போல அதுவும் தானாக நடக்கிற காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மருந்து பாட்டில்களுக்கு வெள்ளை மூடி செய்கிற கம்பெனி. நீள மேசையில் மூடிகள் வந்து குவியும். கறுப்புப் புள்ளியோ கீறலோ உள்ளவற்றைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். ஆறு வருடமாக அதே மேசை, அதே கான்ட்ராக்ட். எட்டு மணி நேரம் புள்ளி தேடிய கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. என் காதோரத்து அழுக்கும் சுவரில் பதிந்த கையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பா மட்டும் தப்பித்தார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு இடுப்பு வரை சேறாக வந்து நிற்பவரிடம் எந்தப் புள்ளியைத் தேடுவது?

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயம், அம்மாவின் கம்பெனிக்கு பம்பாயிலிருந்து பெரிய ஆட்கள் வருவதாகப் பேச்சு வந்தது. அவர்கள் மூடி பார்க்கிற இடத்துக்கே வந்து பார்த்து, நாலு பேரை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்களாம். சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வேலையில் மேலே போடுகிற வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் அன்றைக்கு உள்ளே விட முடியாது என்று. அம்மா அந்த வாரம் முழுக்க வேறு எதுவும் பேசவில்லை. பர்மனென்ட் ஆனால் வேலை நாளை உண்டா இல்லையா என்ற கவலை போகும், உடம்புக்கு முடியாத நாளில் லீவு கேட்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். லீவு என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தழையும்.

ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், கக்கத்தில் கிழிந்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நல்ல கோட்டைப் பின்பக்கம் தொட்டி அருகே பக்கெட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். வந்து கசக்கிக் காய வைத்தால் காலைக்குத் தயார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கடைசிப் பரீட்சை. கடைசிப் பரீட்சை முடிந்தால் பெரிய பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்பு அண்ணன்மார்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற துக்கமாம் அது. ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளியும் முடிகிறது என்பதால் எங்களுக்கும் துக்கப்பட உரிமை உண்டு என்று முடிவு செய்தோம். கையெழுத்து அழகாக வரவேண்டும் என்று டீச்சர் எல்லோரையும் இங்க் பேனா வாங்க வைத்திருந்தார். அந்த நல்ல எண்ணம் அத்தனையும் என் வெள்ளைச் சட்டை முதுகில் வந்து இறங்கியது.

வழி நெடுக ஒரே கும்மாளம். வீட்டு வாசல் வந்ததும்தான் அம்மாவின் கண் ஞாபகம் வந்தது. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்ட இடத்தில் சிமெண்ட் தரையிலும் நீலம் ஒட்டிக்கொண்டது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்தேன், பெரிதாயிற்று. கால் துடைக்கிற சாக்கை இழுத்து மேலே போட்டேன். பிறகு பின்பக்கம் போனேன். பக்கெட்டில் நுரை ததும்ப சோப்புத் தண்ணீர். சட்டையை உள்ளே திணித்து, கோட்டுக்கு அடியில் போகும்படி முழங்கை வரை அழுத்தினேன். சோப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இனி அதன் பாடு என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வீட்டில் டிவி பார்க்கப் போய்விட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் டிவி பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து அம்மா கூப்பிட்டாள். கத்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து நீலத் தண்ணீர் அவள் கால்மேல் சொட்டியது. கோட்டின் ஒரு கை முழுக்க நீலம், முதுகில் மேகம் மேகமாக நீலம்.

"இன்னாடி இது?"

அடிப்பாள் என்று முதுகைக் குறுக்கினேன். அவள் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூடி மேசையில் பார்ப்பதைப்போல ஒவ்வொரு திட்டாகப் பார்த்தாள். எனக்கு அடியே தேவலை என்று தோன்றியது.

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். எந்த வீட்டில் எது கெட்டாலும் அவளிடம் அதற்கு மருந்து இருக்கும். "எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்டி, போயே பூடும்" என்றாள். தேய்த்தார்கள். நீலம் கொஞ்சம் வெளுத்து அகலமானது. "அப்டின்னா தயிருல ஊறப் போடு." போட்டார்கள். கோட்டு புளித்த வாடை அடித்தது. பெரியம்மாவின் மகன் போனில் ஒரு வீடியோவைத் தேடிக் கொண்டுவந்தான். அதில் ஓர் அம்மாள் இந்தியில் விளக்கம் சொல்லியபடி பற்பசையால் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அவள் சிரிப்பை நம்பி எங்கள் வீட்டுப் பற்பசை முழுவதும் தீர்ந்தது. கடைசியில் அப்பா வந்து எட்டிப் பார்த்து, மோட்டார் கிரீஸுக்கு மண்ணெண்ணெய்தான் சரி என்றார். அம்மா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"மண்ணெண்ணெ நாத்தத்தோட பம்பாய்க்காரன் முன்னாடி போயி நிக்கட்டுமா? போயி அந்த கொம்யூன் ஆளுகிட்ட ஒரு புடி பவுடர் வாங்கியா."

கொம்யூன் பஞ்சாயத்து ஆள் தெருத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடரைச் சொன்னாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தார். அம்மா கோட்டை நன்றாக அலசினாள். பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, வெறும் கையாலேயே கோட்டை அதில் முக்கினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கண்ணெதிரே காணாமல் போனது. நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. கோட்டுப் பையின்மேல் சிவப்பு நூலில் தைத்திருந்த கம்பெனி அடையாளமும் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் வரை வாசல்படியில் உட்கார்ந்து, பெரியம்மா கொடுத்த சிவப்பு நூலால் அதன்மேலேயே தையல் தையலாகப் போட்டாள். விரல் மூட்டெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. ஊசி படும்போதெல்லாம் "ஸ்" என்றாள். பிறகு எழுந்துபோய் சாக்கை விலக்கி, தரையிலிருந்த கறையையும் மிச்சப் பவுடரால் தேய்த்தாள். சாக்குக்கு அடியில் கறை இருப்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அந்தக் கோட்டு புதிதைவிட வெள்ளையாக இருந்தது. அப்பா இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அம்மா அதை மடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு வேன் ஏறினாள். அன்று நான் விளையாடப் போகவில்லை. வேலை கிடைக்காவிட்டால் நான்தான் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். மூன்று மணி வரை சோறு இறங்கவில்லை.

வேன் வந்தது. அம்மா கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் அப்பா.

"வந்தாங்க. ஆபீஸ்ல உக்காந்து எளநி குடிச்சாங்க. பதினோரு மணிக்கெல்லாம் கார் ஏறிட்டாங்க. மத்தியானம் லிஸ்ட்டு ஒட்னாங்க, நாலு பேரு. என் பேரு இல்ல."

"உள்ள வரவே இல்லியா?"

"எட்டிக்கூட பாக்கல. லிஸ்ட்டு போன வாரமே ரெடியாம்."

நான் மெல்ல அவள் பக்கத்தில் போனேன். "அப்ப, என்னால இல்லல்லம்மா?"

"ஒன்னால இல்லடி" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரியம்மா வீட்டுக்கு ஓடி, என்னால் இல்லையாம், என்னால் இல்லையாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்தவள் ஏன் அந்தக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

கறையால்தான் போனது என்று இருந்திருந்தால் அம்மா தேறியிருப்பாள். என் முதுகில் நாலு வைத்து, வாய் வலிக்கத் திட்டி, அழுது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்திருப்பாள். கோபித்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆளாவது மிஞ்சியிருக்கும். நானோ, அந்த ஓர் ஆளும் இல்லை என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.