ஜிம்மிக்கும் சப்பாத்து வேணும்

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், லீவு எடுத்துக்கொண்டு பனிமலைக்குப் புறப்பட்டோம். எங்கள் நாய் ஜிம்மிக்கும் நாலு சப்பாத்து வாங்கியிருந்தேன். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அன்ரி விழுந்து விழுந்து சிரித்தா.

"நாய்க்குச் சப்பாத்தோ? ஊரில நாயள் வெறுங்காலோட ஓடித் திரியேல்லையே?"

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. சப்பாத்துகளைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் நானும் ஜிம்மியும் நடக்கப் போனோம். பாதி வழியில் அது படுத்துவிட்டது. விரல்களுக்கு நடுவே பனி கட்டியாய் இறுகி, பாதம் வெடித்து இரத்தம். மூடுபனியும் இறங்கத் தொடங்கியது. இருபது கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுதழுது தங்குமிடம் வந்து சேர்ந்தேன்.

"வீட்டுக்குப் போவமோ?" என்றார் கணவர். முடியாது என்றேன். அங்கேயே புதுச் சப்பாத்து வாங்கி, காயம் ஆறியபின் அதே பாதையில் ஜிம்மியை நடத்திக் காட்டினேன்.

இப்போது எங்கள் வீடு இருக்கிற ட்ருகனினாவில் புல் உறைந்து கிடக்கிற காலைகளிலும் அதற்குச் சப்பாத்துத்தான். அன்ரி வாசலில் நின்று இன்னமும் சிரிக்கிறா.

"அன்ரி, உங்கட காலில என்ன?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தா. கம்பளிக் காலுறை, அதற்கு மேலே சப்பாத்து.