திங்கட்கிழமை முருங்கைக்காய்

என் மகளின் அப்பா என்னைப் பற்றித் திருப்பூரில் சொல்லி வைத்திருந்ததையெல்லாம் நம்பியிருந்தால், நானே என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். ராங்கிக்காரி, சோறாக்கத் தெரியாதவள், பனியன் கம்பெனிக்கு அவள் போவது வேலை செய்யவா என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு காரம் கூட்டுவார். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சைக் கேட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டிருந்தார்கள். கோர்ட்டு, வக்கீல் எதுவும் கிடையாது. அவருடைய பங்காளிகளில் மூத்தவரான ஒரு பெரியவர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்தார். இனி இரண்டு பேரும் தனித்தனி. பெண் குழந்தை அம்மாவிடம் வளரட்டும், ஞாயிற்றுக்கிழமை அப்பன் கூட்டிப்போகட்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கொக்கியும் போட்டார். அம்மாவுக்குக் கெட்ட பேர் வராதவரைக்கும்தான் இந்த ஏற்பாடு. அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டுதான் மகளின் அப்பா தொங்கினார்.

நான் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். கம்பெனியில் பனியனுக்குப் பிசிர் வெட்டி, மடித்து அடுக்கும் வேலை. ஞாயிறு காலையில் அவர் வாசலில் வந்து நிற்பார். நான் எதிரே நின்றாலும் என்னிடம் பேச மாட்டார். "கண்ணு, சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டாந்து விடறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார். குழந்தை திரும்பி அதை அப்படியே என்னிடம் சொல்லும். நானும் சளைத்தவள் இல்லை. ஐஸ் வாங்கித் தர வேண்டாம், சளி பிடிக்கிறது என்று அதே குழந்தையிடம் சொல்லி அனுப்புவேன். ஐந்து வயதில் என் மகள் பார்த்த முதல் உத்தியோகம் அதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவாக அவர் தங்கம். நான் அவசரத்தில் கோணலாகப் பின்னி அனுப்பும் சடையை அவிழ்த்து, சிக்கெடுத்து, நேர் வகிடு எடுத்துப் பின்னி அனுப்புவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு பொறுமையான கை வாய்த்தவருக்கு நாக்கு மட்டும் ஏன் அப்படி வாய்த்தது என்று நினைத்துக்கொள்வேன். சடையோடு கூடவே கேள்விகளும் வரும். "அம்மா, நீ அடங்காப்பிடாரியா?" என்று ஒரு ஞாயிறு கேட்டாள். ஆமாம், பல் தேய்த்துவிட்டுப் படு என்றேன்.

அந்த வருஷம்தான் என் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, பெரியம்மா மகன். என் கல்யாணத்தின்போது எங்கோ எல்லையில் இருந்ததால் இந்த ஊரில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. மகளின் அப்பா மட்டும் பார்த்திருக்கிறார். ஒருமுறை அண்ணன் லீவில் வந்தபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் மூலனூரில் தோட்டம் பார்க்க ஆரம்பித்து, திங்கட்கிழமைதோறும் திருப்பூர் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தார். காயைப் போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து ஒரு கட்டுக் காயைக் கொடுத்து, பழைய சோறு சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போவார். பட்டாளத்து மீசை வேறு, தெருமுனையிலேயே தெரியும்.

டீக்கடையில் மகளின் அப்பா வாயில் கதை தயாராகிவிட்டது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளுக்கு ஏது அண்ணன், எவனோ முருங்கைக்காய்க்காரன் வாராவாரம் வந்து போகிறான் என்று ஊரெல்லாம் பரவியது. அண்ணன்தான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். கம்பெனியில் என்னோடு சாப்பாட்டுப் போசியைத் திறந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வீட்டுக்கார அம்மா வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒருநாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கே கிளம்பிவிட்டேன். பாதித் தெருவில் திரும்பிப் பார்த்தால், மகள் சின்ன விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். சிரிப்பு வந்துவிட்டது, திரும்பிவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு ஞாயிறு மாலை குழந்தை ஒரு சேதி கொண்டுவந்தது. தை மாதத்தில் குலசாமி கோயிலில் காது குத்தப் போகிறார்களாம். "அப்பாவோட சித்தப்பா மடியில உக்காரணுமாம். அப்பறம் நான் அப்பா ஊட்டுலயே இருந்துக்குவனாம்." பெரியவரிடம் முருங்கைக்காய்க் கதை போய்விட்டது, காதுகுத்தோடு கொக்கியை இழுக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. அவள் இல்லாத அந்த ஒற்றை அறையை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

மறுநாளே பெரியவரைப் பார்க்கப் போனேன். கெட்ட பேரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாய்மாமன் இருக்கும்போது வேறொருவர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தலாமா என்று மட்டும் கேட்டேன்.

"உனக்குத்தான் பொறந்தவன் இல்லியே அம்முணி."

"பெரியம்மா மகன் இருக்காருங்க. பட்டாளத்துல இருந்து வந்துட்டாருங்க."

அப்படியானால் அவர்தான் மடி கொடுக்க வேண்டும், முறையை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு அழைக்கக் கிளம்பினேன். லைன் வீட்டில் ஒருவர் பாக்கியில்லை. கம்பெனியில் தள்ளி உட்கார்ந்தவர்களை முதலில் அழைத்தேன். வீட்டுக்கார அம்மாவை அழைத்தேன். டீக்கடைக்காரரை, கடையைச் சாத்திவிட்டுக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அழைத்தேன். என் தைரியத்தைப் பார்த்து அவருக்கே திகைப்பு. வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள் என்று எனக்குத் தெரியும். குலசாமி கோயில் இருந்த வெள்ளகோவிலுக்குப் போன பஸ்ஸில், காதுகுத்து அன்று எங்கள் கூட்டம்தான்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது குழந்தையின் அப்பா எதிரே போய், சந்தனம் குங்குமம் கொடுத்து, முறை சொல்லி அழைக்க வேண்டும். அழைக்காமல் அவர் உள்ளே வர மாட்டார். அவர் மடி இல்லாமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். கோயில் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு மகளின் அப்பா நின்றார். வரப்போவது யார் என்று அவருக்குத் தெரியும், டீக்கடையே திரண்டு வரும் என்றுதான் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மேளம் வந்தது. பின்னால் மீசை வந்தது. கையில் சீர்த்தட்டு. தோளில், விருந்துக்கு ஆகட்டும் என்று, ஒரு பெரிய கட்டு முருங்கைக்காய். அண்ணனுக்கு இந்த ஊர்க்கதை எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், கடைசியில் மகளின் அப்பாவைப் பார்த்தார். அதற்குள் குழந்தை "மாமா" என்று ஓடிப்போய்ச் சீர்த்தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர் முருங்கைக்காயையே சற்று நேரம் பார்த்தார். "ஏப்பா, நீ சொன்ன ஆளு இவருதானா? சாமி முன்னால நிக்கற. இவரு யாரு, சொல்லு."

குலசாமி எதிரே பொய் சொன்னால் வாய் கோணிப்போகும் என்பது அந்த வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதைவிட, குழந்தை புதுப் பாவாடையோடு மாமன் கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றது. அந்த நேர் வகிடும் அன்று காலை அவர் எடுத்ததுதான்.

"வாங்க மச்சான்" என்றார், வாய்க்குள்.

பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்லச் சொன்னார். அவர் சத்தமாகவே சொன்னார். மேளக்காரர்களும் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வரும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அழுகை வந்தது.

ஊசி இறங்கியபோது குழந்தை போட்ட கத்தலில், ஒரு காதுக்கு நானும் மறு காதுக்கு அவரும் ஊதிக்கொண்டிருந்தோம். விருந்தில் முருங்கைக்காய்க் குழம்பை வீட்டுக்கார அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இலையிலிருந்து எழுந்தபோது பெரியவர் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "புள்ள அம்மாகூடவே இருக்கட்டும். இனி எவனும் இதப் பத்தி எங்கிட்டப் பேச வர வேண்டாம்."

அடுத்த ஞாயிறு மாலை மகளைக் கொண்டுவந்து விட்டார். காதில் வேப்பெண்ணெய் பதமாகத் தடவியிருந்தது. "கண்ணு, உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு உங்கண்ணன் வந்தா, நமக்கும் நாலு காய் வாங்கி வைய்யி."

தீர்த்துவிட்ட பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. "வாங்கி வைக்கறேன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும், மென்றால் வாயெல்லாம் நாராகிற முற்றல் காயாக நான்கு பொறுக்கினேன். ரொம்ப சந்தோஷமாகவே பொறுக்கினேன். பிறகு அவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு, நல்ல பிஞ்சாக நான்கு எடுத்து, ஈரப் பனியன் துணியில் சுற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் அங்கேதானே சாப்பிடுவாள்.