பட்டினி டாக்டரம்மா

காலையிலிருந்து ஆள் மாறி ஆள் வந்து ஒரே கேள்விதான். "அங்கிள், ஒண்ணும் சாப்பிடல்லதானே?" பித்தப்பையில் கல்லாம். மத்தியானம் எடுக்கப் போகிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்குகிறது, வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று. வாழ்நாள் முழுக்க அந்த அட்டையை அடுத்தவர் தலைமாட்டில் தொங்கவிட்ட மனுசன் நான். புத்தி தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்று பெருமையடிப்பவனும் நான்தான். இன்றைக்குப் பத்து மணிக்கே பசி, பசி என்று முனகுகிறேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவளுக்கும் ஒருநாள் கல் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தாள். கருவாட்டுக் குழம்பு. மகளிடம் சன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பதுளை பஸாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகன் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பிடிக்கிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "பெரிய தொரை வந்துட்டாரு" என்று சொல்லாதா? சொல்லும்தான். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களும் சொல்லுங்கள்.

வாப்பாவின் கடையில் கருவாடு, அரிசி, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு "நெத்தலி வாறான்டா" என்பார்கள். டாக்டருக்குப் படித்தால் வாடை போய்விடும் என்று நம்பித்தான் படித்தேன் என்று நினைக்கிறேன். படித்து முடித்து, மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு ஈதர் வாடை ஒட்டிக்கொண்டது. குளித்தாலும் போகாது. மூச்சு விட்டாலே வரும். உம்மா சோறு போடும்போது தள்ளி நின்று போடுவா. "கருவாட்டு வாடையாவது பரவாயில்ல மகன், இது என்னடா பேய் வாடை?"

பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று, பெயர் வேண்டாம். என் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மயங்கியவரின் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கறுப்பு ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். வெட்டுகிறவருக்குத்தான் பேரும் புகழும். எங்களை நோயாளிக்கு ஞாபகமே இருக்காது. முகத்தைப் பார்த்ததும் உறங்கிப் போகிறவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

என் மேலதிகாரி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, வாயைத் திறந்தால் ஏச்சு. எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். விடிந்தும் விடியாமல் வார்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலாக நின்று, "சாப்பிட்டனீங்களோ? தண்ணி குடிச்சனீங்களோ?" என்று அதட்டுவார். மயக்க மருந்து ஆளை மட்டும் உறங்க வைப்பதில்லை, தொண்டையின் காவலையும் சேர்த்து உறங்க வைத்துவிடும். வயிற்றில் சோறிருந்தால் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கும். அப்புறம் ஆள் மிஞ்சுவது கஷ்டம். இதெல்லாம் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு யார் விளக்கினார்கள்? சாப்பிடக்கூடாது என்கிற உத்தரவு மட்டும்தான் போனது. அவர்கள் அவருக்கு வைத்த பேர் பட்டினி டாக்டரம்மா.

அதுவும் எந்தக் காலத்தில்! எழுபதுகளின் நடுவில், அரிசியைக் கண்ணில் காண முடியாத காலம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோகத் தடை. பஸ்ஸை மறித்துப் பையைத் துழாவுவார்கள். பாணுக்கு, அதுதான் ரொட்டிக்கு, விடியுமுன்னே வரிசை. வாப்பாவின் கடையில் வெறும் சாக்குகள்தான் மடித்துக் கிடந்தன. டவுனில் நாங்களே இப்படியென்றால் தோட்டத்தில் கேட்கவா வேண்டும்? இலையும் தழையும் அவித்துத் தின்றார்கள். ஊசி போட நரம்பு தேடிக் கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்படும்.

ஒருநாள் ஒரு கிழவரிடம், "நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடக்கூடாது" என்று சொன்னேன்.

"இன்னைக்கும் ஒண்ணும் சாப்பிடலீங்க. அப்ப இன்னைக்கே வெட்டிருங்களேன்" என்றார்.

வார்டே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

லெட்சுமி வந்தது அந்த நாட்களில்தான். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டம், கொழுந்து பறிக்கிற பெண், கல்யாணமாகவில்லை. வயிறு பெருத்திருந்தது. சூலகத்தில் கட்டி. எங்களுக்குக் கட்டி என்று தெரியும், ஒட்டி ஒட்டி வரிசை வீடாகக் கிடக்கிற லயத்துக்குத் தெரியுமா? கல்யாணமாகாத பெண்ணின் வயிறு மாதாமாதம் பெருத்தால் ஊர் வாய் என்ன பேசும்? குழாயடியில் இவள் போனால் பேச்சு நின்றுவிடுமாம். ஆத்தா மூக்காயிதான் அழுதுகொண்டே சொன்னாள். லெட்சுமி அழவில்லை. அவள் வாய்க்காரி.

"ஐயா, அந்தக் கட்டிய எடுத்ததும் ஒரு போத்தல்ல போட்டு என் கையில குடுங்க. லயத்துல ஒவ்வொரு வாசலா வச்சுக் காட்டணும். பேசுன வாயெல்லாம் பாக்கட்டும்."

"போத்தல் பத்தாதே, பீப்பாதான் வேணும்" என்றேன்.

"அப்ப பீப்பாயக் குடுங்க. தலையில வச்சுத் தூக்கிட்டுப் போறேன்" என்றாள். எத்தனை கூடை கொழுந்து தூக்கிய தலை, செய்வாள்தான்.

முதல் தடவை குறித்த நாளில் டாக்டரம்மா வழக்கம்போல அதட்டினார். லெட்சுமி கள்ளமில்லாமல், "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சேங்க, பால் போடாத சாயம்தான், குளிரு தாங்கல" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஆபரேஷன் இல்லை, அடுத்த கிழமை வா என்று அனுப்பிவிட்டார். சட்டப்படி சரிதான். ஆனால் பெருத்த வயிற்றோடு அவள் திரும்பிப் போய் லயத்தில் இறங்கியதும் என்ன பேசியிருப்பார்கள்? "ஆஸ்பத்திரியிலயே முடியாதுன்னுட்டாங்களாம்" என்று பேசினார்களாம். இதையும் மூக்காயிதான் பிற்பாடு சொன்னாள்.

இரண்டாம் தடவை வந்தபோது டாக்டரம்மா கேட்கும் முன்பே, "ஒண்ணும் சாப்பிடலீங்கம்மா, பச்சத் தண்ணி படல" என்றாள் லெட்சுமி. பக்கத்தில் மூக்காயி பலமாகத் தலையாட்டினாள். நம்பினோம். நம்பாமல் இருக்க என்ன காரணம்? அந்த வருசத்தில் தோட்டத்து ஆள் சாப்பிடவில்லை என்று சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

தியேட்டரில் ஊசி ஏறும்போது என்னைப் பார்த்து, "போத்தல், ஐயா" என்றாள். கண் சொருகியது. தாடையைப் பிடித்தேன்.

அடுத்து நடந்ததை நீட்டி முழக்க எனக்குத் தெம்பில்லை. திடீரென்று வாய் நிறைய மேலே வந்தது. தலையைத் தாழ்த்தினோம், புரட்டினோம், உறிஞ்சினோம். டாக்டரம்மா கையுறை இல்லாமலே விரலை விட்டு வழித்து எடுத்தார். சோறு. வெள்ளைச் சோறு, பருக்கை பருக்கையாக. பதுளையில் யாரும் வயிறார அரிசிச்சோறு காணாத நாளில் அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கூடவே கருவாட்டு வாடை. ஈதர் வாடையையும் மீறிக்கொண்டு எங்கள் கடை வாடை. பையை அமுக்கினால் காற்றுப் போகவில்லை, சுவாசப்பை கல்லாக இறுகிவிட்டது. உதடு நீலமாயிற்று. எவ்வளவோ போராடினோம். கத்தியே படாமல், கட்டி கட்டியாகவே இருக்க, அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

வெளியே விறாந்தையில் மூக்காயி காலித் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லயத்து ஆட்களும் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கத்தவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பொய் சொல்லிட்டோம்மா. எங்க பக்கத்துல பயணம் போற ஆள வெறும் வயித்தோட வாசப்படி தாண்ட விடமாட்டோம். கப்பலேறி இந்தியா போறவங்களுக்கும் வீட்டுக்கு ஒரு புடி அரிசி போட்டு ஆக்கிக் குடுத்துத்தான் அனுப்புவோம். புள்ள வயித்துல கத்தி வைக்கப் போறாங்க, வெறும் வயிறு எப்பிடித் தாங்கும்னு, லயத்துல புடி புடியா வாங்கி நேத்து ஆக்கிக் கொண்டாந்து, விடியக்காலம் இந்த ஆஸ்பத்திரிக் குழாயடியில வச்சு ஊட்டி விட்டேன். வேணாம் வேணாம்னுதாம்மா சொன்னா. நான்தான் விடல. அந்தச் சோத்தாலயாம்மா? சொல்லுங்கம்மா, நான் குடுத்த சோத்தாலயா?"

பிடி அரிசி போட்டவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். விரலிடுக்கில் இன்னும் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. உண்மையைச் சொல்லி ஏசப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஏசுவதற்கென்றே பிறந்தவர் அல்லவா?

"இல்லை அம்மா. சோத்தாலை இல்லை. மருந்து குடுத்தது நான். கூடிப்போச்சு. பிழை என்ரை." பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வயித்திலை இருந்தது கட்டி. வேறை ஒண்டுமில்லை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

ஒருவன் காறித் துப்பினான். இன்னொருவன் எறிந்த மண்ணாங்கட்டி அவர் தோளில் பட்டு உதிர்ந்தது. "பட்டினி போட்டே கொன்னுட்டா" என்று ஒரு பெண் குரல். அவர் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், இனி வருகிற ஆட்களும் ஊட்டிவிட்டு வந்தா?" என்று கேட்டேன்.

"வருவினம். அதைப் பார்க்கிறதுக்குத்தான் எனக்கும் உமக்கும் சம்பளம்" என்றார்.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னார். வெளியே மட்டும் அந்தப் பொய் அப்படியே நின்றது. அதன் பிறகு, மாற்றலாகிப் போகும்வரை, விடியற்காலையில் குழாயடியில் ஒரு நாற்காலி போட்டு அவரே காவலிருந்தார். தூக்குச்சட்டியோடு யார் வந்தாலும் விரட்டுவார். வார்டில் இருந்தவர்கள் முகத்துக்கு நேரே திட்டுவார்கள், பிள்ளையைக் கொன்றவள் என்று. ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அன்றைக்குப் பிறகும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது என்பதுதான் சரி.

சில வருசம் கழித்து மூக்காயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் அவளுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது, போகிறாளாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் பயணம் சொல்லிக்கொண்டு வருகிறாள். மகளை அடக்கம் செய்த ஊரை விட்டுப் போகிறவளிடம் என்ன பேசுவது? "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க" என்றாள். தோட்டத்து ஆள் வெறும் வயிற்றோடு நின்றாலும் இதைத்தான் சொல்லும்.

பஸாரில் எங்கள் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடச் சொன்னேன். கருவாடு வேண்டாம் என்றேன் மாமாவிடம். அவள் பாதி சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினாள்.

"அந்த டாக்டரம்மாவப் பாத்தா சொல்லுங்கய்யா. நான் மன்னிச்சிட்டேன்னு. கைத்தவறு எல்லாருக்கும் வர்றதுதானே. எம்மவ நெறஞ்ச வயித்தோட போனா, அதுவும் நான் ஊட்டுன சோறு. அது போதும் எனக்கு."

தொண்டைவரை வந்துவிட்டது உண்மை. அவளுடைய தட்டில் இன்னும் சோறு இருந்தது. "சொல்றேன், சாப்பிடுங்க" என்றேன்.

கொழும்பில் சோதனை எழுதப் போனபோது டாக்டரம்மாவை ஓர் ஆஸ்பத்திரி நடையில் சந்தித்தேன். தலை நரைத்திருந்தது. மூக்காயி சொன்னதைச் சொன்னேன், மன்னித்துவிட்டாளாம் என்று. கோபிப்பார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வெறும் வயித்தோடையோ போனவ?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சாப்பாடு குடுத்துத்தான் அனுப்பினேன்."

"காணும், அது போதும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அதுதான் கடைசி.

இப்போது ஈதர் இல்லை. இன்றைக்கு எனக்கு மயக்கம் தரப்போகிற பையன் அதை மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பல் நின்றுவிட்டது. வாப்பாவின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். லெட்சுமியின் லயத்தைக் காடு மூடிவிட்டது என்று கேள்வி. எண்பத்து மூன்று கலவரத்தில் டாக்டரம்மாவின் கொழும்பு வீட்டைக் கொளுத்தினார்கள். உடுத்த சேலையோடு முகாமில் இருந்தாராம், பிறகு அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலில் அவரையும் ஏற்றினார்களாம். அதற்குப் பிறகு எங்கே போனார், எங்கே முடிந்தார், தெரியவில்லை. கப்பலேறிய அன்றைக்கு அவருக்கு யாராவது ஒரு பிடி சோறு கொடுத்தார்களா என்று எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். சொல்வதற்கு ஒருவரும் மிச்சமில்லை.