வாய்விட்டு அழுத மாதா

திண்டுக்கல் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் வாத்தியாராக இருந்த மிக்கேல்ராஜுக்கு நாற்பது வயது நெருங்கும்போதுதான் அந்தப் பித்துப் பிடித்தது. ரோமாபுரியில் படித்துத் திரும்பிய பங்குச் சாமியார் ஒரு படப்புத்தகத்தைக் காட்டினார். ஜோத்தோ என்ற இத்தாலிக்காரர் அறுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பதுவா நகரத்துக் கோயில் சுவரில் வரைந்த மாதா அதில் இருந்தாள். இறந்த மகனைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள்.

"அதுக்கு முந்தி சாமி படம்னா தங்கப் பூச்சு, அசையாத மூஞ்சி. இவருதான் சாமிய மனுஷனா அழ வச்சாரு. அங்க கலை மறுபடி பொறந்ததே இவருகிட்ட இருந்துதான்னு சொல்லுவாங்க வாத்தியாரே" என்றார் சாமியார்.

இங்கேயும் ஒரு சுவர் கிடைத்தால் போதும் என்று மிக்கேல்ராஜ் நம்பினார். 1957இல் அந்தச் சாமியார் மூலமாகவே கிடைத்தது. குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புதிதாகக் கட்டிய சின்னக் கோயில். கோடை விடுமுறை முழுக்க அங்கேயே கிடந்து வரைந்தார். அந்த ஊர் ஆனந்தமேரியின் மகன் முந்தின வருஷம் கிணறு தோண்ட வைத்த வெடியில் செத்தவன். அவனை மடியில் போட்டு அவள் கதறியதை, அன்று சாமியாரோடு அங்கே போயிருந்த அவர் நேரில் பார்த்திருந்தார். சுவரில் எழுந்த மாதாவுக்குத் தலைமுடி அவிழ்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது.

ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சிலுவைமுத்து முகம் சுளித்தார். "மாதா இப்பிடியா ஒப்பாரி வப்பா?"

சாமியார் வாத்தியாரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு பூசைக்கு ஆனந்தமேரி வந்தாள். சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூசை முடிந்து எல்லாரும் போனபின் மிக்கேல்ராஜிடம் வந்தாள்.

"இது நாந்தான சார்?"

அவர் தலையாட்டினார். சந்தோஷப்படுவாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"எம்புள்ள செத்ததையே வாராவாரம் முழங்கால் போட்டுப் பாக்கச் சொல்றீகளா? என்னால ஏலாது சார். அழிச்சிருங்க."

மறுநாள் அவரே சுண்ணாம்பு கரைத்து அடித்தார். அதன்மேல் காலண்டரில் உள்ளது போல நீல முக்காடிட்ட மாதாவை வரைந்தார். ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு எந்த ஊர்க் கோயிலுக்குக் கூப்பிட்டாலும் அதே முகத்தைத்தான் கேட்டார்கள். அவரும் வரைந்துகொண்டே இருந்தார்.

'அங்கே கலை மறுபடி பிறந்தது ஜோத்தோ ஒருத்தரால் ஆனதில்லை' என்று பின்னாளில் அவருக்குத் தோன்றியது. கம்பளி விற்றுச் செழித்த ஊர்கள், கோயிலுக்குக் கோயில் போட்டி போட்ட வியாபாரிகள், பார்த்துப் பழகிய கண்கள், அவர் வழியில் வரையப் புறப்பட்ட அடுத்த கைகள். இதெல்லாம் இல்லாத, மழையை நம்பி விதைக்கிற பூமியில் ஆனந்தமேரியிடம் போய் எதைக் கேட்பது?

1966 கடைசியில் பேப்பரில் செய்தி வந்தது. ஜோத்தோவின் நாட்டில், புளோரன்ஸ் நகரத்தில் ஆறு உடைத்துக்கொண்டு ஓவியங்கள் சேற்றில் மூழ்கிவிட்டன. தேசம் தேசமாக இளவட்டங்கள் ஓடிவந்து சேற்றிலிருந்து தூக்குகிறார்கள்.

மனைவி ரோசலினுக்கு அதை வாசித்துக் காட்டினார்.

"நல்ல சனங்கதான்" என்றாள் அவள்.

"ஆமா" என்றவர், தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து மூடிய மாதாவை நினைத்தபடி பேப்பரை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பானையும் மாங்காயும் போட்டதைத் தவிர அவர் எதையும் வரையவில்லை.